யோனாவின் ஆமணக்குச் செடி

மறையுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலையும் குருக்களுக்கு வாய்த்த சுவையான கதைகளுள் ஒன்று, பால் எர்லிக்குக்கும் ஜூலியன் சைமனுக்கும் இடையே நடந்த பந்தயம். எர்லிக் உயிரியல் அறிஞர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தவர். சைமன் பொருளியல் பேராசிரியர். மக்கள் பெருகப் பெருகப் பூமியின் பொருள்கள் அருகி, விலை ஏறி, மனித குலம் அழிவை நோக்கிச் செல்லும் என்றார் முன்னவர். அருகாது, விலையும் காலப்போக்கில் குறையவே செய்யும் என்றார் பின்னவர். 1980-இல் எர்லிக்கும் அவருடைய தோழர்கள் இருவரும் செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் என்னும் ஐந்து உலோகங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொன்றிலும் 200 டாலர் மதிப்பு. ஆக 1000 டாலர். பத்தாண்டு கழித்து, பணவீக்கத்தை நீக்கிப் பார்க்கையில் விலை ஏறியிருந்தால் வேறுபாட்டைச் சைமன் தரவேண்டும். இறங்கியிருந்தால் எர்லிக் தரவேண்டும். அந்தப் பத்தாண்டில் உலக மக்கள்தொகை 80 கோடிக்கு மேல் கூடிற்று. ஐந்து உலோகங்களின் விலையும் இறங்கிற்று. 1990 அக்டோபரில் சைமனுக்கு அஞ்சலில் ஒரு காசோலை வந்தது. 576 டாலர் 7 சென்ட். உடன் கடிதம் ஏதும் இல்லை.

வானத்துப் பறவைகளையும் காட்டுமலர்களையும் பற்றிய நற்செய்தி வாசிக்கப்படும் ஞாயிறுகளில் இக்கதையை நான் பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். கடிதமில்லாத அந்தக் காசோலையைச் சொல்லும்போது மக்கள் தவறாமல் சிரிப்பார்கள். இறைவனின் பராமரிப்பை நம்பாமல் கணக்குப் போட்டவர் தோற்றார் என்று முடிப்பேன். அப்படி முடித்த ஒரு ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின் சக்ரீஸ்து வாயிலில் முதிய விவசாயி ஒருவர் காத்திருந்தார். "சாமி, செம்பு விலை குறைஞ்சது சரிங்க. நான் மூணாவது போர் எண்ணூறு அடி போட்டேன், புகைதான் வந்துச்சு. இந்தப் பந்தயத்துல யாரு யாருக்குப் பணம் கொடுக்கணும் சாமி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலத்தான் நின்றார்.

அதன் பிறகே எர்லிக்கின் 'மக்கள்தொகை வெடிகுண்டு' (1968), சைமனின் 'அறுதி வளம்' (1981) ஆகிய இரு நூல்களையும் முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தேன். அதுவரை அவற்றைப் பற்றிப் பிறர் எழுதியவற்றைப் படித்துவிட்டே பீடத்தில் நின்று தீர்ப்புக் கூறிக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எர்லிக்கின் நூல் டெல்லியில் தொடங்குகிறது. 1966-ஆம் ஆண்டின் வெப்பமான ஓர் இரவு. ஆசிரியர் தம் மனைவியுடனும் மகளுடனும் பழைய வாடகைக் கார் ஒன்றில் விடுதிக்குத் திரும்புகிறார். கார் நெரிசலான ஏழைக் குடியிருப்பு ஒன்றினூடே ஊர்ந்து செல்கிறது. சாளரத்துக்கு வெளியே மக்கள் உண்கிறார்கள், கழுவுகிறார்கள், உறங்குகிறார்கள், சச்சரவிடுகிறார்கள், கைநீட்டி இரக்கிறார்கள். மக்கள்தொகைப் பெருக்கம் என்பதைப் புத்தியால் முன்பே அறிந்திருந்த தாம், உணர்வால் அறிந்தது அந்த இரவில்தான் என்கிறார். நூலின் ஆற்றலெல்லாம் இந்த ஒன்றரைப் பக்கத்தில் அடங்கியிருக்கிறது. பின்னால் வரும் அட்டவணைகளை மறந்துபோனவர்களும் இந்தக் காரை மறக்கவில்லை.

ஆனால் திறனாய்வாளன் இங்கே சற்று நிற்க வேண்டும். அந்த இரவில் டெல்லியில் வாழ்ந்தோர் 30 இலட்சத்துக்கு மிகாதவர். இலண்டனிலும் நியூயார்க்கிலும் அன்று அதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அந்நகரங்களின் தெருவில் கார் ஊர்ந்து சென்றிருந்தால் எர்லிக்குக்கு இந்த அச்சம் பிறந்திருக்குமா? அவர் கண்டது கூட்டத்தை மட்டுமன்று, வறுமையையும் கண்டார். இரண்டையும் ஒன்றாக்கி, ஒன்றின் பெயரை மற்றதற்கு இட்டார். மேலும் அந்தப் பகுதியில் ஒருவருக்கும் பெயர் இல்லை. ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கார் நிற்பதும் இல்லை. கலிலேயாவின் பாலைவெளியில் மாலை மயங்கும் நேரத்தில் சீடர்களும் இப்படித்தான் கூட்டத்தைக் கண்டார்கள். அனுப்பிவிடும் என்று ஆண்டவரிடம் ஆலோசனை கூறினார்கள். அந்த ஆலோசனையில் கொடுமை ஏதும் இல்லை. அன்றைய நிலையில் அது விவேகமானதே. அதை ஏற்காத ஒருவர் அங்கே இருந்தார் என்பதுதான் நற்செய்தி.

எர்லிக் தம் நூலில் முன்னுரைத்தவை யாவை? 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர். அதைத் தடுக்கும் காலம் கடந்துவிட்டது. 1980-க்குள் மேலும் 20 கோடி மக்களுக்கு உணவளிக்க இந்தியாவால் இயலவே இயலாது. இதற்கு ஓராண்டு முன், 1967-இல், வில்லியம் பேடாக், பால் பேடாக் என்னும் சகோதரர் இருவர் '1975-இல் பஞ்சம்' என்னும் நூலை எழுதி, போர்க்களத்தில் காயமுற்றோரைப் பிழைப்பவர், பிழையாதவர் எனப் பிரிப்பதுபோல் நாடுகளைப் பிரிக்க வேண்டும் என்றும், பிழையாத நாடுகளுக்கு உணவுதவி கூடாது என்றும் வாதிட்டிருந்தனர். இந்தியாவை அவர்கள் வைத்தது பிழையாதோர் வரிசையில். எர்லிக் இந்தப் பிரிவினையை ஏற்றுப் போற்றினார். இந்த வரியைப் படிக்கையில் என் வயதையொத்த இந்திய வாசகர் ஒருவர் நெஞ்சில் எழுவதை நான் விளக்க வேண்டியதில்லை. நாம் கைவிடத்தக்கோர் என்று ஒரு நல்ல மனிதர், நல்ல நோக்கத்தோடு எழுதிய காலத்தில் நாம் தொட்டிலில் கிடந்தோம்; அல்லது பிறக்கவே இல்லை.

அந்த 1968-ஆம் ஆண்டைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். ஜனவரியில் வாரணாசியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் எம். எஸ். சுவாமிநாதன், மண்வளத்தைப் பேணாமல் நிலத்தைச் சுரண்டும் வேளாண்மை இறுதியில் பாலையையே விளைவிக்கும் என்று எச்சரித்தார். மார்ச்சில் அமெரிக்க அதிகாரி வில்லியம் காட் 'பசுமைப் புரட்சி' என்னும் தொடரை முதன்முதலாக வழங்கினார். ஜூலை 25-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் 'மனித உயிர்' பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். எர்லிக்கின் வெடிகுண்டும் அவ்வாண்டே வந்தது. ஒரே ஆண்டில் எழுந்த இக்குரல்களில் எவையெவை ஒன்றையொன்று செவிமடுத்தன என்று கேட்டால் விடை வருத்தந் தருவதே.

நடந்தது என்ன? 1966-இல் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்து, கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்னும் நிலையில் வாழ்ந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அளந்து விட்டார். அவ்வாண்டில், உணவமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையைத் தருவித்தார். 1964-65-இல் 1 கோடியே 23 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970-71-இல் 2 கோடியே 38 இலட்சம் டன் ஆயிற்று. நம் நாட்டு வயல்களில் ஆடுதுறை 27-உம் ஐ.ஆர். 8-உம் இறங்கின. 1981 கணக்கெடுப்பில் இந்தியர் 68 கோடி. பசி ஒழிந்துவிடவில்லை, ஆனால் கைவிடத்தக்கதென ஒதுக்கப்பட்ட நாடு மடியவில்லை. 1974-இல் வங்கதேசத்திலும், அப்பத்தாண்டில் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் பஞ்சம் பலரை வாரிச் சென்றது உண்மை. ஆயினும் அவற்றின் காரணம் தலையெண்ணிக்கை மட்டுமன்று. 1943-இன் வங்கப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ட அமர்த்தியா சென், உணவு இல்லாததால் மட்டுமன்று, இருக்கும் உணவை வாங்க இயலாததாலும் மக்கள் மடிகிறார்கள் என்பதை 1981-இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். சைமனின் நூலும் அதே ஆண்டில் வந்ததாயினும், எல்லாரும் பேசியது சைமனைத்தான்.

ஆக எர்லிக் பொய்த்தார். இணைச்சட்ட நூல் தரும் அளவுகோலின்படி, சொன்னது நிறைவேறாவிட்டால் அவர் இறைவாக்கினர் அல்லர். இவ்வளவோடு முடித்துவிடலாம், நான் பல ஆண்டுகள் அப்படித்தான் முடித்தேன். ஆனால் விவிலியத்தில் நிறைவேறாத இறைவாக்கு ஒன்று உண்டு. யோனா நினிவேக்குச் சென்று, நாற்பது நாளில் நகர் அழியும் என்றார். நகர் அழியவில்லை. ஏன்? அரசன் முதல் ஆடுமாடுகள் வரை கோணி உடுத்தி உண்ணாதிருந்தனர். எச்சரிக்கை பொய்த்ததன் காரணம் எச்சரிக்கை கேட்கப்பட்டதே. நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1974-இல் மோலினா, ரோலண்ட் என்னும் வேதியியலார் இருவர், குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்றனர். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் படலம் மெலிந்து துளைபட்டிருப்பது கண்டறியப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி அவ்வாயுக்களைக் கைவிட ஒப்பினர். இன்று அந்தப் படலம் மெல்ல ஆறிவருகிறது. ஓசோன் அழியும் என்று பயமுறுத்தினார்களே, என்ன ஆயிற்று என்று இகழ்வோர், நினிவே அழியவில்லையே என்று யோனாவை இகழ்வோரை ஒத்தவர்.

எனினும் எர்லிக்கை இந்த வாயிலால் முழுதும் விடுவித்துவிட முடியாது. கோதுமை விதையைத் தருவித்தவர்கள் அவர் நூலைப் படித்து மனந்திரும்பியவர்கள் அல்லர். அது வெளிவருமுன்பே விதை மண்ணில் இறங்கிவிட்டது. யோனாவின் நூலில் அவருக்குப் பொருந்துவது வேறோர் இடம். நகர் பிழைத்ததும் யோனா சினங்கொள்கிறார். நகருக்கு வெளியே பந்தல் போட்டு, என்ன நிகழும் என்று பார்த்துக்கொண்டு அமர்கிறார். பிற்காலத்தில் எர்லிக்கிடம் தம் முன்னுரைகளைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், தாம் அஞ்சியதைவிட நிலைமை மோசம் என்றே கூறிவந்தார். மனிதர் பிழைத்ததில் ஒரு வரி மகிழ்ச்சியையாவது அவர் பக்கங்களில் தேடினேன். கிடைத்தது மிகக் குறைவு.

எண்ணிக்கையைக் கண்டு எழுந்த அச்சம் ஏட்டோடு நின்றிருந்தால் இத்தனை நெடிய விமர்சனம் வேண்டாம். அது மனித உடலின் மேல் கத்தியாக இறங்கியது. 1974-இல் புக்காரெஸ்ட் மாநாட்டில், வளர்ச்சியே தலைசிறந்த கருத்தடை என்று உலகறியக் கூறியவர் நம் அமைச்சர் கரண் சிங். 1976 ஏப்ரலில், கல்வியும் வளர்ச்சியும் வரும்வரை காத்திருக்க இயலாது என்னும் மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டவரும் அவரே. அவசரநிலையின் அந்த 1976-77 ஆண்டில் நாடெங்கும் ஏறத்தாழ 82 இலட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஆசிரியர்களுக்கும் கடைநிலை அலுவலர்களுக்கும் ஆள்பிடிக்கும் இலக்கு விதிக்கப்பட்டது. டெல்லியின் துருக்மான் வாயிலிலும் அரியானாவின் உத்தாவரிலும் நிகழ்ந்தவை வரலாற்றில் பதிந்தவை. அவ்வாண்டு நவம்பரில் இந்தியா வந்த உலக வங்கித் தலைவர் மெக்நமாரா, நாடு கடைசியில் உறுதியோடு செயல்படுகிறது என்று பாராட்டினார். சீனத்தில் ஒற்றைக் குழந்தைச் சட்டத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் சோங் ஜியன் என்னும் ஏவுகணை அறிஞர். ஐரோப்பாவில் அவர் கண்டறிந்துவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' நூல் மரபின் கணிப்புமுறைதான் அதற்குக் கருவி. 1972-இல் வந்த அந்நூலின் ஆசிரியர்கள் குறித்த நாளில் பேரழிவு வரும் என்று கூறவில்லை. இப்படிச் சென்றால் இன்னது, மாற்றிக்கொண்டால் இன்னது என்று 2100 வரை பல பாதைகளையே வரைந்தனர். அதை நாள்குறித்த சாவோலையாக மாற்றியவர்கள் படிக்காமல் போற்றியவர்களும் படிக்காமல் தூற்றியவர்களும்தான்.

இங்கே மால்தஸை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. அவரும் ஒரு திருப்பணியாளர் என்பதால். ஆங்கிலிக்கச் சபையின் குருவான அவர் 1798-இல் தம் பெயரிடாமல் வெளியிட்ட மக்கள்தொகைக் கட்டுரையின் இறுதி இரு இயல்கள் இறையியல் பற்றியவை. நல்ல கடவுள் ஏன் பற்றாக்குறையை அனுமதித்தார் என்னும் வினாவுக்கு, தேவையின் முள் குத்தாவிட்டால் மனித மனம் விழித்தெழாது என்று அவர் விடை கண்டார். 1803-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இவ்வியல்கள் நீக்கப்பட்டன. கணக்கு மிஞ்சிற்று, கடவுள் மறைந்தார். 1805 முதல் இறக்கும்வரை அவர் ஆசிரியராயிருந்தது, இந்தியாவை ஆளப்போகும் கம்பெனி அலுவலர்களைப் பயிற்றிய கல்லூரியில். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, இந்தியரின் எண்ணிக்கை நிலத்தின் விளைச்சலை மிஞ்சிப் பெருகும் இயல்புடையது என்று 1877-இல் சட்டமன்றத்தில் விளக்கினார் வைசிராய் லிட்டன். அவர் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் மண்வெட்டும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் மறுத்து எழுதியும் பயன் விளைய நாளாயிற்று. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதும் தானியம் துறைமுகங்களில் கப்பலேறிக்கொண்டிருந்தது.

இனி சைமன். அவரையும் ஒரு காட்சியே உருவாக்கியது. 1969-இல் வாஷிங்டனில், ஏழை நாடுகளில் பிறப்பைக் குறைக்கும் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேச அரசு அலுவலகம் சென்றவர், நேரமிருந்ததால் வெளியே உலாவுகிறார். இவோ ஜிமா போர் நினைவிடத்துக்கு வழிகாட்டும் பலகை கண்ணில் படுகிறது. அப்போர்க்களத்தில் யூத மதகுரு ஒருவர் ஆற்றிய இரங்கலுரை நினைவுக்கு வருகிறது: இங்கே புதைத்தவர்களுள் எத்தனை மோசார்ட்டுகளும் ஐன்ஸ்டைன்களும் இருந்தார்களோ என்பது அதன் கருத்து. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, மனிதர் குறைவாகப் பிறக்க வேண்டுமென ஏற்பாடு செய்ய நான் யார் என்று சைமன் தம்மையே கேட்டுக்கொள்கிறார். ஒருவர் காரினுள்ளிருந்து உயிரோடிருப்போரைப் பார்த்து, இவர்கள் மிகுதி என்கிறார். மற்றவர் மாண்டவரை நினைத்து, இவர்கள் போதாது என்கிறார். நம் திருச்சபையினர் பலர் பின்னவரை ஓடிச்சென்று தழுவிக்கொண்டதில் வியப்பில்லை. நானும் தழுவினேன்.

தழுவிய கை தளர்ந்தது இரு காரணங்களால். முதலாவது, அந்த மோசார்ட். சைமனுக்கு மனிதன் 'வளம்', அறுதியான, ஈடற்ற வளம், ஆயினும் வளமே. பிறக்கும் குழந்தை வருங்காலத்தில் ஏதேனும் கண்டுபிடித்து நம் தட்டுப்பாட்டைத் தீர்க்கும் என்பதால் வரவேற்கப்படுகிறது. என் பங்கில் மூளை வளர்ச்சி குன்றிய பெண்பிள்ளை ஒருத்தி உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் தாயின் மடியில் அமர்ந்து 'ஆமென்' என்பதை மட்டும் எல்லாருக்கும் பின்னால், தனியாக, உரக்கச் சொல்வாள். அவள் எந்த உலோகத்துக்கும் மாற்றுக் காணப்போவதில்லை. எர்லிக்கின் நூலில் அவள் கூட்டத்தில் ஒருத்தி. சைமனின் நூலில் அவளுக்கு இடமே இல்லை.

இரண்டாவது, அந்த முதியவரின் கேள்வி. சைமனின் அளவுகோல் விலை. செம்புக்குச் சந்தை உண்டு, விலை உண்டு. விலை ஏறினால் புதிய சுரங்கம், மாற்றுப் பொருள், சிக்கனம் யாவும் பின்தொடரும். நிலத்தடி நீருக்கும் காற்றுக்கும் யாரும் விலைச்சீட்டு ஒட்டவில்லை. இலவச மின்சாரத்தில் இறைக்கப்படும் நீர் தீரும் நாள்வரை மலிவாகவே இருக்கும். தீர்ந்த அன்று அதன் விலையைக் கேட்டுப் பயனில்லை. பசுமைப் புரட்சி பிறந்த பஞ்சாபில் இன்று ஆண்டுதோறும் ஊறுவதைவிட மிகுதியான நீர் இறைக்கப்படுகிறது. சைமனுக்கும் இந்தப் பலவீனம் தெரிந்திருக்க வேண்டும். 1995-இல் எர்லிக்கும் ஸ்டீபன் ஷ்னைடரும் வெப்பநிலை, கரியமில வாயு, மண்வளம், மீன்வளம் உள்ளிட்ட பதினைந்து அளவைகளை வைத்து மறுபந்தயத்துக்கு அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். மனித நலத்தின் பேரில் பந்தயம் கட்டலாம், காற்றின் வேதியியலின் பேரில் கட்ட இயலாது என்பது அவர் வாதம். இந்த மறுப்பை நான் மறையுரைகளில் ஒருநாளும் சொன்னதில்லை. அது எனக்குத் தெரியாது. முதற் பந்தயமே பத்தாண்டின் தற்செயலுக்குக் கடன்பட்டது என்பதும், வேறு பல பத்தாண்டுகளை எடுத்திருந்தால் வெற்றி எர்லிக்கின் பக்கம் சென்றிருக்கும் என்பதும் பின்னர் கணக்கிட்டோர் காட்டியவை. 1990-களில் சைமன் இன்னும் ஒருபடி மேலே சென்று, பெருகிக்கொண்டேயிருக்கும் மக்களுக்கு 700 கோடி ஆண்டுகள் உணவும் உடையும் ஆற்றலும் தரும் நுட்பம் இப்போதே நம் கையில் இருக்கிறது என்று எழுதினார். எழுபதாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் எந்த எண்ணும் 700 கோடி ஆண்டுகளில் என்னவாகும் என்பதைப் பள்ளி மாணவனும் அறிவான்.

இவ்விடத்தில் எரேமியா நூலின் 28-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. அனனியா என்பவர் இரண்டே ஆண்டில் எல்லாம் சீராகும் என்று முழங்கி, எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தை உடைத்தெறிகிறார். எரேமியா முதலில் சொல்வது ஆமென். அப்படியே ஆகட்டும் என்று அவர் உண்மையாகவே விரும்புகிறார். பிறகுதான், பேரிடரை உரைத்தோர் முன்பும் பலர் இருந்தனர், நலம் வரும் என்று உரைப்பவனையோ அது வந்த பின்பே நம்ப வேண்டும் என்கிறார். மெய்ப்பிக்கும் சுமையை எரேமியா ஆறுதல் சொல்பவனின் தோளில் வைக்கிறார் என்பது என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. நாம் நேர்மாறாக அல்லவா செய்துவருகிறோம்! ஆபத்தைச் சொல்பவரிடம் ஆயிரம் சான்று கேட்கிறோம். எல்லாம் சரியாகிவிடும் என்பவரிடம் ஒன்றும் கேட்பதில்லை.

தொழில்நுட்பம் நம்மைக் காக்கவில்லை என்று நான் கூறவில்லை. காத்தது; நான் உண்டு வளர்ந்தது ஐ.ஆர். அரிசியே. ஆனால் எகிப்தைப் பஞ்சத்திலிருந்து காத்த யோசேப்பின் கதையை நாம் 41-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். 47-ஆம் அதிகாரத்தைப் படித்தால், மக்கள் தானியத்துக்காக முதலில் பணத்தையும், பின் கால்நடையையும், பின் நிலத்தையும், இறுதியில் தங்களையும் பார்வோனுக்கு விற்கிறார்கள். உயிர் பிழைத்தது, உரிமை போயிற்று. (குருக்களின் நிலம் மட்டும் தப்பியது என்பதை நாம் பிரசங்கிப்பதே இல்லை.) 1970-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நார்மன் போர்லாக், தம் கோதுமை மனிதகுலத்துக்கு வாங்கித் தந்திருப்பது சிறிது மூச்சுவிடும் காலமே என்று பரிசேற்புரையில் எச்சரித்தார். அவரைச் சான்றாகக் காட்டும் நம்பிக்கைவாதிகள் இதைச் சொல்வதில்லை.

மக்கள்தொகை பற்றிய அச்சமோ, யாரும் எதிர்பாராத வழியில் அடங்கிற்று. கேரளமும் தமிழகமும் கத்தியின்றிப் பிறப்பு விகிதத்தைக் குறைத்தன. பெண்கள் பள்ளிக்குச் சென்றார்கள். பிறந்த குழந்தைகள் பிழைத்தன. தாய்மார் தாமே முடிவெடுத்தார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் இந்தியாவில் சராசரி 2.0, தமிழகத்தில் 1.8. எல்லாத் தாய்மாரும் நம் திருச்சபையின் போதனை வழியிலேயே இதைச் செய்தார்கள் என்று கூறி நான் வாசகரை ஏமாற்ற மாட்டேன். ஆனால் வற்புறுத்தல் சாதிக்காததைக் கரும்பலகை சாதித்தது. உடனே மறுபக்க அச்சம் கிளம்பிவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் முதலமைச்சர்களே பிள்ளைகள் பெருக வேண்டும் என்று பேசத் தொடங்கினர். ஒரு பக்கம் முதுமை, மறுபக்கம் நாடாளுமன்ற இடங்கள். தலையை எண்ணும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் இரு இடங்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். 50-ஆம் பத்தி, சிலரின் மட்டுமீறிய நுகர்வை விட்டுவிட்டு ஏழைகளின் பிள்ளைப்பேற்றைப் பழிப்பது உண்மையைச் சந்திக்க மறுப்பதாகும் என்கிறது. நம் பங்குகளில் இதை எடுத்துக்காட்டாதவர் இல்லை. 161-ஆம் பத்தியோ, பேரழிவு பற்றிய முன்னுரைகளை இனி ஏளனத்தோடு ஒதுக்க இயலாது என்கிறது. இதை எடுத்துக்காட்டியவரை நான் அதிகம் கண்டதில்லை. 1958-இல் காற்றில் பத்து இலட்சத்துக்கு 315 பங்காக அளக்கப்பட்ட கரியமில வாயு, இப்போது 420-ஐக் கடந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் வெப்பம் மிகுந்த முதல் ஆண்டாக 2024 பதிவாயிற்று. எர்லிக் தவறினார் என்பதால் இந்த எண்கள் தவறிவிடா. ஏளனம் எனக்கு இனித்தது. அதனால்தான் அந்தக் காசோலையை அத்தனை ஆண்டுகள் கையில் வைத்திருந்தேன்.

யோனாவின் நூல் ஒரு கணக்கெடுப்போடு முடிகிறது. வாடிப்போன ஆமணக்குச் செடிக்காக வருந்தும் அவரிடம் கடவுள் நினிவேயின் மக்கள்தொகையைக் கூறுகிறார்: இலட்சத்து இருபதாயிரம் பேர். கூடவே கால்நடைகளையும் சேர்த்துக்கொள்கிறார். எர்லிக்கைப் போல அச்சுறுத்த அவர் இந்த எண்ணைக் கூறவில்லை. சைமனைப் போல அவர்களுடைய மூளைத் திறத்தைக் காட்டவும் இல்லை. வலக்கை இடக்கை தெரியாதவர்கள் என்றே அவர்களை வருணிக்கிறார்.

அந்த முதியவருக்கு அன்று நான் விடை கூறவில்லை. அடுத்த வாரம் அவரோடு சென்று, கோவில் நிலத்தையொட்டிய ஏரியைப் பார்த்தேன். வரத்துக்கால் இருந்த இடத்தில் மூன்று வீடுகளும் ஒரு செங்கல் சூளையும் நிற்கின்றன. அவற்றுள் இரண்டு நம் பங்கைச் சேர்ந்தவர்களுடையவை. பங்குப் பேரவையில் இதை எடுத்தபோது பாதிப் பேர் எழுந்து சென்றார்கள். நில அளவைக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். கோடை முடியுமுன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.